யானைப் பசிக்கு ஃப்ளாப்பிப் பொரி

பழைய கம்ப்யூட்டர்களைப் பத்திப் பேச ஆரம்பிச்சா ஒரு டயலாக் கண்டிப்பா வந்துடும். "1985லயே அமிகாவில மல்ட்டிடாஸ்கிங் இருந்துச்சு தெரியுமா? கமடோர்காரன் விக்கத் தெரியாம கோட்டை விட்டுட்டான்." பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் சொல்றதில்லை. அந்த மீதி டிஸ்க்ல இருக்கு.

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். ஒரே ப்ராசஸர் இருக்கிற பெட்டியில ரெண்டு வேலை நிஜமாவே ஒண்ணா நடக்காது. மாத்தி மாத்திதான் நடக்கும். அப்புறம் இதுல என்ன லாபம்? ஒரு வேலை எதுக்காவது காத்திருக்கும்போது இன்னொரு வேலை ஓடலாம், அதான் லாபம். அந்தக் காலத்துப் பெட்டிகள் பெரும்பாலும் காத்திருந்தது டிஸ்குக்காக. அதனால மல்ட்டிடாஸ்கிங் கதையைச் சொல்லணும்னா டிஸ்க் கதையைத்தான் முதல்ல சொல்லணும்.

1978ல ஆப்பிள் 2க்கு டிஸ்க் 2 வந்தது. ஸ்டீவ் வாஸ்னியாக் கைவரிசை. மத்தவங்க ஒரு பலகை நிறைய சிப் வெச்சு செஞ்ச வேலையை ஒரு கைப்பிடி சிப்ல முடிச்சார். எப்படி? வேலையில பாதியை ப்ராசஸர் தலையில கட்டிட்டார். டிஸ்க்ல இருந்து 32 மைக்ரோ செகண்டுக்கு ஒரு பைட் வரும். ப்ராசஸரோ ஒரு மைக்ரோ செகண்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு சைக்கிள்தான் ஓடும். ஆக ஒவ்வொரு பைட்டுக்கும் சுமார் 32 சைக்கிள் கெடு. கொஞ்சம் அசந்தா பைட் போயிடும். டிஸ்க் சுத்தும்போது ப்ராசஸருக்குத் தும்மக்கூட நேரம் கிடையாது. விலை குறைவு, வேகமும் நல்ல வேகம், ஆனா பக்கத்துல இன்னொரு வேலையை ஓட்டறதுங்கற பேச்சுக்கே இடமில்லை.

கமடோர் 64 (1982) வேற ரகம். அதோட 1541 டிரைவுக்குள்ள தனியா ஒரு 6502 ப்ராசஸரும் 2 கேபி ரேமும் உண்டு. அதாவது டிரைவே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். ரெண்டு மூளை இருந்தா பறக்கணும் இல்லையா? வேகம் நொடிக்கு 400 பைட் பக்கம்தான். 38 கேபி ப்ரோக்ராம் ஏற ஒண்ணரை நிமிஷத்துக்கு மேல ஆகும். டீ குடிச்சிட்டு வந்துடலாம் :-)

காரணம் அதுக்கு முந்தின மெஷின்ல இருக்கு. விக்-20க்காக டிசைன் பண்ணும்போது, பிட்டுகளை வரிசையா அனுப்பற வேலையை 6522ங்கற சிப்போட ஷிஃப்ட் ரெஜிஸ்டர் பார்த்துக்கும்னு நினைச்சாங்க. அந்த சிப்ல ஒரு பக் இருந்துச்சு. அதனால ஒவ்வொரு பிட்டையும் சாஃப்ட்வேரே கையால தூக்கிக் கொடுக்கற மாதிரி மாத்தினாங்க. கமடோர் 64 வந்தப்பவும் பழைய டிரைவ், பிரிண்டரோட ஒத்துப் போகணும்னு அதே முறையைத் தொடர்ந்தாங்க. போதாக்குறைக்கு 64ல படம் வரையற விக்-2 சிப் அப்பப்போ ப்ராசஸரை நிறுத்திட்டு மெமரியை எடுத்துக்கும். அந்த நிறுத்தத்துல பிட் தவறிடக் கூடாதுன்னு இன்னும் மெதுவாக்கினாங்க.

ரெண்டு பக்கமும் ப்ராசஸர் இருந்ததால இதுக்கு ஒரு குறுக்கு வழியும் கிடைச்சது. டிரைவோட 2 கேபி ரேமுக்குள்ள நம்ம சொந்த கோடை அனுப்பி, பழைய பேச்சுவார்த்தையைத் தூக்கிப் போட்டுட்டு வேகமா பேச வைக்கறது. ஃபாஸ்ட் லோடர்னு பேர். 1984ல எபிக்ஸ் நிறுவனம் இதை ஒரு கார்ட்ரிட்ஜா வித்தது. அஞ்சு மடங்கு வரைக்கும் வேகம். பல ஃபாஸ்ட் லோடர்கள் ஓடும்போது திரையை அணைச்சுடும், விக்-2 குறுக்கே வராம இருக்க. டிஸ்க் படிக்கணும்னா படத்தையே நிறுத்தணும்... மல்ட்டிடாஸ்கிங்குக்கு நேர் எதிர்ப்பதம்!

1984 ஜனவரியில சின்க்ளேர் க்யூஎல் வந்தது. 399 பவுண்டுக்கு, நிஜமான மல்ட்டிடாஸ்கிங். டோனி டெபி எழுதின க்யூடாஸ், ஒரு ப்ரோக்ராம் விட்டுக் கொடுக்கலைன்னாலும் பிடுங்கி அடுத்ததுக்குக் கொடுக்கும். ஆனா சேமிக்க என்ன கொடுத்தாங்க? மைக்ரோடிரைவ். வளையமா சுத்தற ஒரு குட்டி டேப், 100 கேபி அளவு. ஒரு சுத்து வர சுமார் 7 நொடி. தேவையான இடம் இப்பத்தான் தாண்டிப் போச்சுன்னா மறுபடி வர்ற வரைக்கும் சிவனேன்னு உக்காரணும். ஃபின்லாந்துல இந்த மெஷினை வெச்சு மல்லுக்கட்டின ஒரு பையன்தான் பின்னாடி லினக்ஸ் எழுதின லினஸ் டோர்வால்ட்ஸ்.

இப்போ நம்ம ஹீரோ. 1985 ஜூலையில நியூயார்க்ல அமிகா அறிமுகம். 68000 ப்ராசஸர், 256 கேபி ரேம், 1295 டாலர். கார்ல் சாசென்ராத் எழுதின எக்ஸெக் தான் உள்ளே மேஸ்திரி. ஃப்ளாப்பியில இருந்து டேட்டா டிஎம்ஏ வழியா நேரா மெமரிக்குப் போயிடும். டிஸ்க் கேட்ட ப்ரோக்ராம் தூங்கும், மத்ததெல்லாம் ஓடும். ஆப்பிள் 2ல இருந்து ஏழே வருஷத்துல இந்த தூரம். ஃப்ளாப்பி ஃபார்மேட் ஆகிட்டே இருக்கும், நீங்க பக்கத்து விண்டோவில டைப் பண்ணலாம். அன்னிக்கு பிசிகாரங்க டாஸ்ல அதை நினைச்சும் பார்க்க முடியாது.

ஆனா, ரெண்டு ப்ரோக்ராமுமே ஒரே ஃப்ளாப்பியைக் கேட்டா?

மளிகைக் கடையில ஒரே பையன், ஒரே ஏணின்னு வெச்சுக்குங்க. ஒருத்தர் இந்தக் கோடி பரண்ல இருந்து புளி கேட்கறார். இன்னொருத்தர் அந்தக் கோடியில இருந்து வெல்லம். ஒருத்தர் லிஸ்ட்டை முடிச்சுட்டு அடுத்தவர் லிஸ்ட்டை எடுத்தா சுலபம். 'ரெண்டு பேருக்கும் சமமா'ன்னு ஒரு பொருள் இவருக்கு, ஒரு பொருள் அவருக்குன்னு எடுத்தா, பையன் ஏணியைத் தூக்கிட்டு அலையறதுலயே பொழுது போயிடும். ஃப்ளாப்பி ஹெட் அப்படித்தான் டர்ர்ர் டர்ர்ர்னு அலைஞ்சது.

ஃபைல் சிஸ்டமும் கூடக் கொஞ்சம் எரியவிட்டுச்சு. அமிகாவுக்குன்னு திட்டமிட்ட டாஸ் நேரத்துக்கு முடியலை. கேம்பிரிட்ஜ்ல பிறந்த ட்ரைபாஸை மெட்டாகாம்கோ நிறுவனம் மூலமா அவசரமா மாத்திக் கொண்டு வந்தாங்க. அதுல ஒரு ஃபைலோட பேர் அந்த ஃபைலோட சொந்த பிளாக்லயே இருக்கும். பேர் சொல்லிக் கேட்டா சட்டுனு கிடைக்கும். 'என்னென்ன இருக்கு?'ன்னு கேட்டா ஒவ்வொரு ஃபைல் வாசலுக்கும் போய்த்தான் பேர் கேட்கணும். 512 பைட் பிளாக்ல 24 பைட் நிர்வாகத்துக்கே போச்சு. மிச்சம் 488. டிஸ்க் கெட்டா மீட்க அது உதவும், ஆனா வேகம் குறையும்.

நல்லதும் இருக்கு. அமிகா ஒரு முழு ட்ராக்கை ஒரே மூச்சுல படிச்சு, ஒரே மூச்சுல எழுதும். நடுவுல இடைவெளி வீணாகலை. பிசியில 720 கேபி பிடிச்ச அதே ஃப்ளாப்பியில இங்கே 880 கேபி. ஆனா ஒரு செக்டாரை மாத்தினாலும் முழு ட்ராக்கையும் திரும்ப எழுதணும்.

அதனாலதான் சொல்றேன், அமிகா காலத்துக்கு முந்திப் பிறந்ததுன்னா மார்க்கெட்டிங்ல மட்டும் இல்லை. அதோட மேஸ்திரி ரெடி, ஏணி ரெடியாகலை. ஹார்ட் டிஸ்க்குக்காக ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டம் 1988ல வந்தது. அமிகா 500க்கு 20 எம்பி ஏ590 ஹார்ட் டிஸ்க் 1989ல. வசதி இருந்தவங்க கூடுதல் ரேம் போட்டு அதையே டிஸ்க் மாதிரி பயன்படுத்தினாங்க. அவங்களுக்குத்தான் அமிகாவோட முழு அருமையும் தெரிஞ்சிருக்கும். 1994 ஏப்ரல்ல கமடோர் கடையை மூடிடுச்சு. அடுத்த வருஷம் விண்டோஸ் 95 வீட்டுக்கு வீடு மல்ட்டிடாஸ்கிங்கைக் கொண்டு போனப்போ, கூடவே ஹார்ட் டிஸ்க்கும் இருந்துச்சு. 2000கள்ல வைரஸ் ஸ்கேன் ஓடும்போது மெஷின் உறைஞ்சு, சிவப்பு லைட் மட்டும் எரிஞ்சது ஞாபகம் இருக்கா? அதே ஏணி, அதே பையன். ஹெட்டே இல்லாத எஸ்எஸ்டி வந்த பிறகுதான் அந்த அலைச்சல் ஓய்ஞ்சது.

கோடு எழுதற நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு இதுல ஒரு விஷயம் இருக்கு. ஒரு ப்ரோக்ராம் மெதுவா இருந்தா, நாம முதல்ல ப்ராசஸரைத் திட்டறோம், அப்புறம் த்ரெட்டைக் கூட்டறோம். ஏணி ஒண்ணே ஒண்ணா இருக்கும்போது வாடிக்கையாளரைக் கூட்டி என்ன பிரயோஜனம்? யார் எதுக்காகக் காத்திருக்காங்கன்னு முதல்ல பார்க்கணும். 880 கேபி ஃப்ளாப்பி அதைத்தான் டர்ர்ர்னு சத்தம் போட்டே சொல்லிக் கொடுத்தது. இன்னிக்கு டிஸ்க் சத்தமே போடறதில்லை, அதனால நாமளாத்தான் தேடிக் கண்டுபிடிக்கணும்.

டிஸ்கி: மைக்ரோடிரைவோட மல்லுக்கட்டின அனுபவசாலிகள் யாராவது இருந்தா பின்னூட்டத்துல வந்து கதை சொல்லுங்க சாமி. அதையே அடுத்த பதிவாப் போட்டுடலாம் :-)