இன்டர்நேஷனல் பள்ளிப் படிப்பும் மேற்படிப்பும் – ஒரு சரித்திரப் பார்வை

மும்பை, பெங்களூரு, ஹைதராபாத், குர்கான் போன்ற நகரங்களில் வசிக்கும் நம் அங்கத்தினர்கள் பலரின் பேரன், பேத்திகள் இன்று இன்டர்நேஷனல் பள்ளிகளில் படிக்கிறார்கள். "ஐ.பி. என்கிறார்களே, அது என்ன? அதைப் படித்தால் நம் தேசத்தில் மெடிக்கல், இன்ஜினீயரிங் சேர முடியுமா?" என்று தாத்தா பாட்டிகள் கேட்பது நியாயமே. இதற்கு விடை காண, இப்பள்ளிகள் எதற்காகத் தோன்றின என்பதைச் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது.

முதல் உலகப் போருக்குப் பின் சர்வதேச சங்கமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் அமைந்தன. பல தேசங்களிலிருந்து உத்தியோகத்திற்கு வந்தவர்களின் குழந்தைகளுக்காக 1924-ல் ஜெனீவா இன்டர்நேஷனல் பள்ளி தொடங்கப்பட்டது. மாற்றலாகிச் செல்லும் மத்திய சர்க்கார் ஊழியர்களின் பிள்ளைகளுக்காக நம் நாட்டில் 1963-ல் கேந்திரிய வித்யாலயங்கள் வந்தனவே, ஏறக்குறைய அதே காரணம்தான்.

ஆனால் பள்ளி இறுதியில் ஒரு சிக்கல் எழுந்தது. ஒரே வகுப்பில் படித்த மாணவர்களில் ஒருவன் இங்கிலாந்துக்கும், ஒருவன் பிரான்சுக்கும், ஒருவன் அமெரிக்காவுக்கும் மேற்படிப்புக்குப் போக வேண்டும். ஒவ்வொரு தேசத்திற்கும் தனித்தனிப் பரீட்சை. ஆகவே எல்லாத் தேசங்களும் ஏற்கக்கூடிய பொதுவான ஒரு பரீட்சையை உருவாக்க ஆசிரியர்கள் முயன்றனர். அதன் பலனாக 1968-ல் ஜெனீவாவில் இன்டர்நேஷனல் பாக்கலாரியேட், அதாவது ஐ.பி. அமைப்பு நிறுவப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த கல்வியாளர் அலெக் பீட்டர்சன் அதன் முதல் டைரக்டர் ஜெனரல்.

இதன் டிப்ளமா படிப்பில் ஆறு பாடங்கள். பாடத்திற்கு அதிகபட்சம் 7 வீதம் 42 புள்ளிகள். 4,000 வார்த்தைகளுக்கு மிகாத ஓர் ஆய்வுக் கட்டுரைக்கும் அறிவுக் கோட்பாடு என்ற பாடத்திற்குமாக 3. ஆக மொத்தம் 45. கலை, உடற்பயிற்சி, சமூக சேவை ஆகியவற்றிலும் ஈடுபட வேண்டும். மொழி, சமூகவியல், விஞ்ஞானம், கணிதம் எல்லாவற்றையும் மாணவன் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

இந்தியாவில் இதை முதலில் ஏற்றது நம் கொடைக்கானல்தான்! அமெரிக்க மிஷனரிகளின் குழந்தைகளுக்காக 1901-ல் ஹைகிளர்க் என்ற பெயரில் தொடங்கிய பள்ளி, பின்னர் கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளியாகி, 1976-ல் ஐ.பி. டிப்ளமாவைத் தொடங்கியது.

இன்னொரு பிரிவு கேம்பிரிட்ஜ். 1858-ல் தோன்றிய கேம்பிரிட்ஜ் தேர்வுக் குழுவின் 'சீனியர் கேம்பிரிட்ஜ்' பரீட்சையை மூத்த அங்கத்தினர்கள் சிலர் அறிவார்கள். அதற்குப் பதிலாகவே 1958-ல் ஐ.சி.எஸ்.இ. நடத்தும் கவுன்சில் ஏற்பட்டது. 1988-ல் முதல் தேர்வு நடந்த ஐ.ஜி.சி.எஸ்.இ. வழியாகக் கேம்பிரிட்ஜ் மறுபடியும் இங்கே வந்து சேர்ந்தது. 1991 பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பிறகு இப்பள்ளிகள் பெருநகரங்களில் பெருகின. ஊர் ஊராக மாறும் வெளிநாட்டவருக்காகத் தோன்றிய படிப்பில், இங்கேயே பிறந்து வளரும் நம் குழந்தைகள் சேர்ந்தனர்.

அங்கீகாரத்தைப் பற்றிய பயம் வேண்டாம். 1925-ல் இன்டர் யுனிவர்சிட்டி போர்டாகத் தோன்றி 1973-ல் பெயர் மாறிய இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், 1983 முதலே ஐ.பி. டிப்ளமாவைப் பிளஸ் டூவுக்குச் சமமாக ஏற்றுள்ளது. கவனிக்க வேண்டியது, எந்தெந்தப் பாடங்களை எடுக்கிறோம் என்பதே.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துப் பெண் கெமிஸ்ட்ரி, பயாலஜி, சைகாலஜி எடுத்து மிக நன்றாகப் படித்து வந்தாள். இரண்டாம் வருஷ நடுவில், இந்தியாவில் எம்.பி.பி.எஸ். சேர ஆசைப்பட்டபோதுதான் நீட் தகுதிக்கு பிசிக்ஸும் அவசியம் என்பது பெற்றோருக்குத் தெரிந்தது. பள்ளியில் யாரும் அதைச் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. கூடுதல் பாடமாகப் பின்னர் படித்துத் தேறியவர்களையும் நீட் எழுத அனுமதிப்பதாக தேசிய மருத்துவ ஆணையம் 2023-ல் அறிவித்தது. அது ஓர் ஆறுதல்தான் என்றாலும், குழந்தைக்குக் காலம் வீணாகிறதே!

இதற்கு மூலகாரணம் ஐ.பி.யின் அமைப்பிலேயே இருக்கிறது. வழக்கமான விதிப்படி இரண்டு விஞ்ஞானப் பாடங்களுக்குத்தான் இடம் உண்டு. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூன்றையும் எடுக்க, பல்கலைக்கழகத்தின் தேவையைக் காட்டி, பள்ளி மூலமாக ஐ.பி. அமைப்பிடம் முன்கூட்டியே தனி அனுமதி பெற வேண்டும். இன்ஜினீயரிங்குக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் 2019 முதல் கணிதம் இரண்டு வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஜே.இ.இ.க்குத் தயாராகும் மாணவன் 'அனாலிசிஸ்' வகையை உயர்நிலையில் எடுப்பதே பொருத்தம். கேம்பிரிட்ஜ் ஏ லெவலில் மூன்று பாடங்களோடு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. வெளிநாட்டுக்கு அது போதலாம். இங்கே நீட் தகுதிக்கு இங்கிலீஷும் வேண்டும், ஐ.ஐ.டி. சேர்க்கை விதிகள் ஐந்து பாடங்களைக் கணக்கில் எடுக்கின்றன.

தேதிகளிலும் சங்கடம் உண்டு. ஐ.பி. பரீட்சை பெரும்பாலும் மே மாதம். நீட் தேர்வும் வழக்கமாக மே முதல் வாரம். ஐ.பி. முடிவுகள் ஜூலை முதல் வாரத்தில்தான் வரும். அதற்குள் பல கல்லூரிகளில் அட்மிஷன் வேலைகள் பாதி நடந்திருக்கும்.

மாணவர்களுக்கு வழிகாட்ட வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் கமிஷன் (1952-53), பள்ளிகளில் வழிகாட்டும் அதிகாரிகளும் தொழில் ஆலோசனை சொல்லும் ஆசிரியர்களும் வேண்டும் என்று அன்றே சிபாரிசு செய்தது. இன்டர்நேஷனல் பள்ளிகளில் கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பலருக்கு அமெரிக்க, இங்கிலாந்து விண்ணப்பங்களில் உள்ள பழக்கம் நம் நுழைவுத் தேர்வுகளில் இருப்பதில்லை.

ஆகவே பெற்றோர்களுக்கு நான் சொல்ல விரும்புவது:

1. பத்தாம் வகுப்பு முடியுமுன்பே, மேற்படிப்பு இந்தியாவிலா, வெளிநாட்டிலா, இரண்டுக்கும் வழி வைத்துக்கொள்வதா என்று குழந்தையோடு உட்கார்ந்து பேசுங்கள்.

2. சேர விரும்பும் கல்லூரியின் அந்த வருஷத்திய விதிகளை நீங்களே படித்துப் பாருங்கள். பாடத் தேர்வை அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.

3. நீட், ஜே.இ.இ. இரண்டும் என்.சி.இ.ஆர்.டி. பாடத்தை ஒட்டியவை. ஐ.பி.யில் நல்ல புள்ளிகள் வாங்கினாலும் இவற்றுக்குத் தனியாகத் தயாராக வேண்டும். இரண்டு சுமையையும் குழந்தை தாங்குமா என்று யோசியுங்கள்.

4. சமநிலைச் சான்றிதழ் தேவையா என்பதைக் கல்லூரியில் முன்னதாகவே விசாரித்து வையுங்கள்.

பதினைந்து வயதில் எல்லாக் குழந்தைகளுக்கும் தன் விருப்பம் தெளிவாகத் தெரிந்துவிடாது. அது அவர்கள் குற்றமுமல்ல. அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு அதிகக் கதவுகளைத் திறந்துவைக்கும் பாடங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது பெரியவர்களின் கடமை. இந்த வருஷம் பத்தாம் வகுப்பில் இருக்கும் குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால், இதைப் பற்றி இப்போதே விசாரிக்கத் தொடங்குங்கள்.