வளையம் அறுபட்ட இடம்: இளம்பச்சைக் கதிர்க்குருவியின் மேற்கு இமய வடிவம் குறித்து

திபெத்தியப் பீடபூமியில் மரமில்லை. அதைச் சுற்றியுள்ள காடுகளில் கூடுகட்டும் இளம்பச்சைக் கதிர்க்குருவியின் வடிவங்களைக் கிளாட் டைஸ்ஹர்ஸ்ட் 1938இல் வெளியிட்ட பேரின ஆய்வில் வரிசைப்படுத்தினார். இமயமலையில் டிரோகிலாய்டிஸ். மேற்கே லட்லோவி, அதற்கு வடக்கே மத்திய ஆசியாவிலிருந்து மேற்குச் சைபீரியா வரை விரிடானஸ். கிழக்கே நடுச் சீனத்தில் அப்ஸ்குராட்டஸ். அதற்கு வடக்கே கிழக்குச் சைபீரியாவில் பிளம்பெய்டார்சஸ். அண்டை வடிவங்கள் ஒன்றோடொன்று கலக்கின்றன. ஆனால் யெனிசெய் ஆற்றுப் பக்கம் சந்திக்கும் இரு கோடி வடிவங்கள் மட்டும் ஒரே காட்டில் இரண்டு சிற்றினங்களாக வாழ்கின்றன. எர்ன்ஸ்ட் மையர் 1942இல் இதை எடுத்தாண்ட பிறகு 'வளைய இனம்' என்றாலே இக்குருவி நினைவுக்கு வரும் நிலை உருவானது. காகசஸ் பக்கம் ஒதுங்கியிருக்கும் நிடிடஸை இவ்வரிசையில் சேர்ப்பதா என்பது தனி வழக்கு.

நான் மறுப்பது மையரை அல்ல. டேரன் இர்வினும் அவருடன் ஆய்ந்தவர்களும் 2005இல் 'சயன்ஸ்' இதழில் முன்வைத்த வாசிப்பையே மறுக்கிறேன். அதன் வலிமையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இர்வின் இக்குருவிகளின் பாட்டை வளையம் நெடுகப் பதிவுசெய்தார். இமயத்தில் பாட்டு குறுகியது, எளியது. வடக்கே போகப் போக இரு பக்கங்களிலும் நீண்டு சிக்கலாகிறது; ஆனால் வெவ்வேறு விதமாக. மேற்குச் சைபீரிய ஆணுக்குக் கிழக்குப் பாட்டை ஒலிக்கவிட்டால் அது பொருட்படுத்துவதில்லை. கிழக்கு ஆணும் அப்படித்தான். 2001இல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை இதை நிறுவியது. இன்றும் அது அசையவில்லை. 2005ஆம் ஆண்டுக் கட்டுரை ஒரு படி மேலே சென்றது. உட்கருவிலுள்ள டி.என்.ஏ. குறியீடுகள் வளையம் முழுவதும் படிப்படியாக மாறுகின்றன என்று காட்டி, மரபணு ஓட்டம் அறுபடாமலே, தொலைவு ஒன்றினாலேயே ஒரு சிற்றினம் இரண்டாகலாம் என்பதற்கு இதுவரை கிடைத்தவற்றுள் வலுவான சான்று இதுவே என்றது.

இந்த முடிவுக்கு இடையூறாக ஒரு சான்று முன்பே இருந்தது. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் இக்குருவிகள் மேற்குக் கிளை, கிழக்குக் கிளை என இரண்டாகப் பிரிகின்றன; அவ்விரண்டும் சந்திப்பது மேற்கு இமயமலையில். படிப்படியாக மாறும் சங்கிலியில் இப்படியொரு முறிவு ஏன்? இர்வின் 2002இலேயே விடை சொல்லியிருந்தார்: பறவைகள் பிறந்த இடத்தை விட்டு அதிகத் தொலைவு செல்லாவிட்டால், எந்தத் தடையும் இல்லாமலே தாய்வழி மரபில் இத்தகைய முறிவு தானாகத் தோன்றலாம் எனக் கணினி மாதிரிகள் வழியே காட்டினார். கணக்கு சரியானதே. ஆனால் தோன்றலாம் என்று நிறுவுவது வேறு, மேற்கு இமயத்தில் அப்படித்தான் தோன்றியது என்று நிறுவுவது வேறு. 2005ஆம் ஆண்டு வாசிப்பு இந்த இடைவெளியைப் போதுமான அளவு கருதவில்லை என்பதே என் வாதம்.

முறிவு இருக்கும் அதே நிலப்பகுதியில்தான் லட்லோவி வாழ்கிறது. இந்தப் பெயரின் வரலாற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். டிரோகிலாய்டிஸுக்கு சுண்டெவல் பெயரிட்டது 1837இல். விரிடானஸ், நிடிடஸ் இரண்டுக்கும் எட்வர்ட் பிளைத் பெயரிட்டது 1843இல். மூன்றும் கல்கத்தாப் பக்கம் கிடைத்த பறவைகளைக் கொண்டு பெயர் பெற்றவை. அதாவது கூடுகட்டும் காட்டில் பாடிய பறவைகள் அல்ல, வலசை வந்தவை. எனவே மேற்கு வடிவத்துக்கும் இமய வடிவத்துக்கும் 1843க்குள் பெயர் இருந்தது. லட்லோவிக்குப் பெயர் வந்ததோ 1931இல். பஞ்சாபில் காவல்துறை அதிகாரியாக இருந்து பறவையியலில் தேர்ந்த ஹியூ விஸ்லர், பிராங்க் லட்லோவின் பெயரை அதற்குச் சூட்டினார். ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் இரண்டு பெயர்களே போதுமாயிருந்தன. காஷ்மீரம் முதல் கர்வால் வரையிலான பறவைகளைக் கூர்ந்து பார்த்த ஒருவருக்கு அவை போதவில்லை. இந்தப் பறவைகள் விரிடானஸின் சாம்பல் சாயலுக்கும் டிரோகிலாய்டிஸின் அடர்பச்சைக்கும் நடுவே நிற்பவை.

சீராக நிறம் மாறும் சங்கிலியில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் கோடு கிழித்துப் புதுப் பெயர் வைக்கலாம். இதே இடத்தில் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விஸ்லர் பெயர் வைத்த இடமும் மைட்டோகாண்ட்ரியா முறிவும் ஒரே மலைப்பகுதியில் அமைவது தற்செயல் என நான் கருதவில்லை. பிரிந்திருந்த இரு கூட்டங்கள் மீண்டும் சந்தித்துக் கலந்ததால் உண்டான இடைநிலைத் தோற்றத்தையே அவர் தனித் துணையினமாகக் கண்டார். நடுச் சீனத்து அப்ஸ்குராட்டஸுக்கு ஸ்ட்ரெசமான் 1929இல்தானே பெயர் தந்தார், அங்கேயும் அப்படி ஒரு கலப்பு உண்டா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெயர் வைத்த ஆண்டு மட்டும் எதையும் நிறுவிவிடாது. மரபுச் சான்றும் அதே இடத்தைச் சுட்டும்போதுதான் அது கவனிக்கத்தக்கதாகிறது.

அந்தச் சான்று 2014இல் வந்தது. அல்கைடே, ஸ்கொர்டாட்டோ, டிரெவர் பிரைஸ் ஆகியோருடன் இர்வினே 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை, மரபணுத்தொகுதி முழுவதையும் அளந்து, மரபணு ஓட்டம் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் முற்காலத்தில் அறுபட்டிருந்தது என்றது. அவற்றுள் ஒன்று மேற்கு இமயமலை. இன்று அங்கே அகன்ற கலப்பு மண்டலம் இருக்கிறது. வடகோடி வடிவங்களும் எப்போதாவது கலந்திருக்கின்றன. தம் பழைய முடிவைத் தாமே திருத்தும் நேர்மை ஆய்வுலகில் அரிது. அதற்காக இர்வினைப் போற்ற வேண்டும். ஆயினும் பாடநூல்களில் இன்னும் அறுபடாத வளையமே சுழல்கிறது. மேற்கு இமயத்தில் இப்பறவைகள் எப்போது பிரிந்தன, எவ்வளவு காலம் பிரிந்திருந்தன என்பதற்கு ஆண்டுக்கணக்குச் சொல்ல நான் துணியவில்லை. பனியுகங்களில் காடு சுருங்கியதோடு அதை இணைக்கத் தோன்றும். எந்தப் பனியுகம் என்பது மூலக்கூற்றுக் கடிகாரத்துக்கு நாம் தரும் வேகத்தைப் பொறுத்து மாறிவிடும்.

கிழக்குப் பக்கத்தில் சான்று இன்னும் மெலிந்தது. அப்ஸ்குராட்டஸுக்கும் பிளம்பெய்டார்சஸுக்கும் நடுவே வட சீனத்தில் குருவியே இல்லாத இடைவெளி உண்டு. வரலாற்றுக் காலத்தில் மனிதர் காடழித்ததால் வந்தது அது என்பது வழக்கமான விளக்கம். காடு இருந்தது, அழிந்தது, மறுப்பில்லை. ஆனால் அந்தக் காட்டில் இக்குருவி கூடுகட்டியது என்பதற்குக் காடு இருந்ததே சான்றாகாது. இரு வடிவங்களும் ஒரே மைட்டோகாண்ட்ரியாக் கிளையைச் சேர்ந்தவை என்பது தொடர்பைக் காட்டுகிறது. அத்தொடர்பு அண்மைக்காலம் வரை நீடித்ததா என்பதை அது காட்டாது. மேற்கே முறிவு ஒன்று உறுதிப்பட்ட பின், கிழக்கே இருக்கும் வெற்றிடத்தைக் கோடரியால் மட்டும் விளக்குவது எனக்கு ஏற்புடையதல்ல.

வடக்கே கலப்பு நிகழ்ந்தும் இரு வடிவங்கள் ஏன் ஒன்றாகிவிடவில்லை? விரிடானஸ் திபெத்தின் மேற்குப் பக்கமாகச் சுற்றி இந்தியாவுக்கு வருகிறது. பிளம்பெய்டார்சஸ் கிழக்குப் பக்கமாகச் சுற்றித் தென்கிழக்கு ஆசியாவுக்குப் போகிறது. வலசைத் திசை மரபுவழி வருவது. இரண்டையும் பாதிப்பாதி பெற்ற குஞ்சு நேர் தெற்கே திரும்பினால், பத்து கிராம்கூட எடையில்லாத அந்த உடலுக்கு எதிரே மரமற்ற பீடபூமி. அப்படி ஒரு குருவி போனதை யாரும் பின்தொடர்ந்து பார்த்ததில்லை. இருந்தும், பாட்டு வேறுபாட்டைவிட இந்த வலசைப் பிரிவே இரு வடிவங்களையும் தனித்தனியே காத்துவருகிறது என நான் எண்ணுகிறேன். பாட்டு கலப்பைக் குறைக்கும்; பிறந்த கலப்பினத்தை அது கொல்லாது.

இங்கே தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. இக்குழுவின் மேற்குப் பக்கப் பறவைகளே நம் மலைகளுக்குக் குளிர்காலத்தில் வருகின்றன. கிழக்குத் தொடர்ச்சி மலையில் பிரைஸும், முண்டந்துறையில் மதுசூதன் கட்டியும் இலைக் கதிர்க்குருவிகளின் குளிர்கால வாழ்வை ஆய்ந்திருக்கிறார்கள். மேற்கு இமயக் கலப்பு மண்டலத்துப் பறவைகள் எங்கே வந்து தங்குகின்றன என்பதை அறிந்தால் வலசை வாதத்தைச் சோதிக்க வழி பிறக்கும். உரிய அனுமதியோடு வளையமிடும் ஆய்வாளர்கள் ஒவ்வொரு குருவியிடமிருந்தும் ஓர் இறகை மரபுச் சோதனைக்கு எடுத்து வைக்க வேண்டும். பறவை நோக்குவோர் நிடிடஸையும் விரிடானஸையும் ஒரே பெயரில் பதியாமல், அழைப்பொலியைப் பதிவுசெய்து தனித்தனியே குறிக்க வேண்டும்.