தந்தை தேடிய கல்லறை

போரிற் பட்ட வீரனுக்குக் கல் நாட்டி, அவன் பெயரை அதிற் பொறித்து, மாலை சூட்டி வழிபடுதல் பண்டைத் தமிழர் மரபு. உடல் மறைந்தாலும் பெயர் மறையலாகாது என்பதே அம்மரபின் உட்பொருள். ஆனால், 1914ஆம் ஆண்டில் மூண்ட முதலாம் உலக மகாயுத்தத்தில் அம்மரபுக்கு இடமில்லாத நிலை தோன்றிற்று. பீரங்கிக் குண்டுகள் நிலத்தைப் புரட்டிய இடங்களில், மாண்டவர் உடலையும் காணோம். உடல் கிடைத்தாலும் அது யாருடையதென்று அறியுமாறில்லை. அவ்வாறு மறைந்த இலட்சக்கணக்கான இளைஞருள் ஒருவன் ஜோன் கிப்ளிங். அவனுடைய வரலாறு அவன் தந்தையின் வரலாற்றோடு பிரிக்கவொண்ணாதபடி பிணைந்தது.

தந்தையார் றட்யாட் கிப்ளிங் 1865ஆம் ஆண்டில் பம்பாயிற் பிறந்தவர். பாட்டனார் ஜோன் லொக்வுட் கிப்ளிங் அந்நகரிலே சிற்பக் கலை கற்பித்தவர். பின்னர் லாகூர் நூதனசாலையின் பொறுப்பாளராய் விளங்கியவர். அவர் பெயரே பேரனுக்கு இடப்பட்டது. றட்யாட் ஆறு வயது நிரம்புமுன்னரே தங்கையோடு இங்கிலாந்துக்கு அனுப்பப்பெற்று, அறிமுகமில்லாதவர் வீட்டிற் பல ஆண்டுகள் துன்புற்று வளர்ந்தார். தாம் பெறாத அன்பைத் தம் மக்கள் குறைவறப் பெற வேண்டுமென்ற வேட்கை அவர் வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை. அமெரிக்கப் பெண்மணியாகிய கரோலின் பலஸ்ரியரை அவர் 1892ஆம் ஆண்டில் மணந்தார். அவர்களுக்குப் பிறந்தவர் மூவர். மூத்தவள் ஜோசபின், இரண்டாமவள் எல்சி, 1897ஆம் ஆண்டு ஓகஸ்ற் 17ஆந் தேதி, இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள றொற்றிங்டீன் என்னும் ஊரிற் பிறந்த கடைக்குட்டியே ஜோன்.

ஜோன் இரண்டு வயது நிரம்பாத குழந்தையாயிருந்தபோதே குடும்பத்தின் மீது முதல் இடி விழுந்தது. 1899ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் தந்தையும் மூத்த மகளும் ஒருங்கே நிமோனியாக் காய்ச்சலில் விழுந்தனர். தந்தை பிழைத்தார், ஆறு வயது ஜோசபின் பிழைக்கவில்லை. அதன்பின் எஞ்சிய இரு மக்களே அவருக்கு உலகமாயினர். 1902ஆம் ஆண்டில் அவர் வாங்கிய பேற்மன்ஸ் என்னும் பழைய மாளிகையில் அவர்கள் வளர்ந்தனர். வெளியூர் செல்லும்போதெல்லாம் வேடிக்கையும் அறிவுரையும் கலந்து பிள்ளைகளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் நூலாக வெளிவந்துள்ளன. 1907ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற ஒரு பெரும் எழுத்தாளரை அக்கடிதங்களிற் காண்பதரிது. மகன் ஒழுங்காகப் படிக்கின்றானோ, உடல்நலத்தோடு இருக்கின்றானோ என்று ஏங்கும் ஒரு தந்தையையே காண்கிறோம்.

மகனைக் கடற்படையிற் சேர்ப்பதே தந்தையின் முதல் ஆசை. ஆனால், கண் பார்வை மங்கல் அந்தக் குடும்பத்தின் முதுசம்; தடித்த கண்ணாடியின்றித் தந்தையாலும் பார்க்கவியலாது, மகனாலும் பார்க்கவியலாது. ஆதலின் கடற்படை ஆசை கைவிடப்பட்டது. 1914ஆம் ஆண்டு ஓகஸ்றில் யுத்தம் மூண்டதும் பதினேழு வயது ஜோன் தரைப்படையிற் சேர முயன்றான். கண் பரிசோதனையில் அங்கும் தள்ளப்பட்டான். அவ்வளவில் நின்றிருந்தால் அவன் நெடுநாள் வாழ்ந்திருத்தல் கூடும். ஆனால், இங்கிலாந்து இளைஞர் அனைவரும் ஆயுதப் பயிற்சி பெறல் வேண்டுமென்று பல்லாண்டாக எழுதியும் பேசியும் வந்தவர் கிப்ளிங். ஊரார் மக்களைப் போருக்கழைத்தவர் தம் மகனை வீட்டில் வைத்திருத்தல் எவ்வாறு? தம் பழைய நண்பரும் ஐரிஷ் காவற்படையின் கௌரவத் தளபதியுமாகிய பீல்ட் மார்ஷல் றொபேட்ஸ் பிரபுவை அணுகினார். அப்படையின் இரண்டாம் பட்டாளத்தில் மகனுக்கு அதிகாரிப் பதவி கிடைத்தது. மறுத்த கதவைத் திறந்தது தந்தையின் செல்வாக்கே.

ஏறத்தாழ ஓராண்டுப் பயிற்சியின் பின், பதினெட்டு வயது நிரம்பிய அந்நாட்களிலேயே ஜோன் பிரான்சுக்குச் சென்றான். அதற்கும் தந்தை இசைவளித்தார். 1915ஆம் ஆண்டு செப்ரெம்பர் 25ஆந் தேதி லூஸ் போர் தொடங்கிற்று. பிரித்தானியர் முதன்முதலாக நச்சுப் புகையை ஆயுதமாகக் கையாண்ட போர் அது. செப்ரெம்பர் 27ஆந் தேதி, ஐரிஷ் காவற்படை சுண்ணாம்புக் குழிக் காட்டருகே முன்னேறியது. இயந்திரத் துப்பாக்கிகள் எதிரே முழங்கின. அன்று மாலைக்குப் பின் ஜோனைக் கண்டவரில்லை. போர்க்களம் புகுந்த முதற் சமரிலேயே, பதினெட்டு ஆண்டும் ஆறு வாரமும் வாழ்ந்து அவன் மறைந்தான்.

ஒக்ரோபர் மாதத் தொடக்கத்தில் பேற்மன்சுக்குத் தந்தி வந்தது. காயமுற்றான், காணப்படவில்லை என்பதே செய்தி. இறந்தான் என்ற சொல் அதில் இல்லாமையால் தாயும் தந்தையும் நம்பிக்கையைக் கைவிடாது தேடினர். மருத்துவமனைகளிற் கிடந்த ஐரிஷ் வீரர்களை நேரிற் கண்டு வினவினர். கிப்ளிங்கின் நண்பரும் நாவலாசிரியருமாகிய றைடர் ஹகார்ட்டும் இத்தேடலில் உதவினார். முகத்திலே குண்டுபட்டு, வலி தாங்காது அழுதுகொண்டு சென்ற ஓர் இளம் அதிகாரியைக் கண்டதாகவும், அவர் கிப்ளிங்கின் மகனே என்று எண்ணியதாகவும் ஒரு வீரன் ஹகார்ட்டிடம் கூறினான். அதனைத் தந்தையிடம் உரைக்க ஹகார்ட்டுக்கு மனம் வரவில்லை. அவருடைய நாட்குறிப்பிலேயே அது தங்கிவிட்டது.

மகனைத் தேடிய தந்தை பிறர் மக்களின் கல்லறைகளுக்குத் தொண்டு செய்யப் புகுந்தார். 1917ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பேரரசுப் போர்க் கல்லறை ஆணைக்குழுவில் உறுப்பினரானார். பிரபுவின் மகனாயினும் உழவன் மகனாயினும் கல்லறை ஒரே தன்மையதாயிருத்தல் வேண்டுமென்பது அவ்வாணைக்குழுவின் கொள்கை. கண்டியிலும் திருகோணமலையிலும் உள்ள இரண்டாம் உலக யுத்தக் கல்லறைகளும் அதன் வழிவந்த ஆணைக்குழுவினாலேயே பேணப்படுகின்றன. அடையாளம் தெரியாத உடலின் கல்லில் எதனைப் பொறிப்பது என்ற வினா எழுந்தபோது, இவன் யாரென்பதை இறைவன் அறிவான் என்னும் கருத்தமைந்த சிறு தொடரைக் கிப்ளிங் வகுத்துக் கொடுத்தார். ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட கற்கள் அப்போரின் பெயரறியா வீரருக்காக இன்றும் நிற்கின்றன. மகன் சேர்ந்திருந்த படையின் வரலாற்றையும் இரு பாகங்களாக எழுதி 1923ஆம் ஆண்டில் வெளியிட்டார். தம் மகனுக்கென்று அவர் அந்நூலில் ஒதுக்கிய இடம் மிகச் சிறிது. பிற பெற்றோரின் மக்களோடு ஒருவனாகவே அவனையும் எழுதினார்.

1936ஆம் ஆண்டில், மகன் கிடந்த இடம் அறியாமலேயே கிப்ளிங் கண் மூடினார். எல்சிக்கு மக்கள் இல்லை. 1976ஆம் ஆண்டில் அவர் மறைந்ததோடு அக்குடும்பக் கிளை அற்றுப் போயிற்று. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1992ஆம் ஆண்டில், லூஸ் போர்க்களத்தருகேயுள்ள ஒரு கல்லறையை ஜோனுடையது என்று ஆணைக்குழு அறிவித்தது. 1919ஆம் ஆண்டிலேயே கண்டெடுக்கப்பட்டு, ஐரிஷ் காவற்படையின் பெயரறியா லெப்டினன்ற் என அடக்கஞ் செய்யப்பட்ட உடல் அது. ஜோன் களத்தில் இரண்டாம் லெப்டினன்றாகவே இருந்தான் என்றும், உடல் கிடைத்த இடம் பொருந்தவில்லை என்றும் சிலர் மறுத்தனர். அவன் பதவி உயர்வு மறைவுக்குப் பின்னரே வர்த்தமானியில் வெளியாயிற்று என்பதும், உடல் கிடைத்த இடத்தைக் குறித்த வரைபடக் குறிப்பிலே பிழை நேர்ந்தது என்பதும் பின்வந்த ஆய்வாளர் கூறும் விடை. ஆணைக்குழு தன் முடிவில் உறுதியாகவே நிற்கின்றது.

அம்முடிவு சரியாயின், ஊர் பேர் தெரியாத வீரருக்கென்று கிப்ளிங் ஆக்கிய சொற்களே, அவர் அறியாமல், அவர் மகனின் தலைமாட்டிலும் நின்றன. மகனைப் போருக்கு அனுப்பிய பொறுப்பிலிருந்து வரலாறு அவரை விடுவிக்காது. ஆயினும், தம் துயரத்தைத் தம் மகனளவில் அடக்கிக்கொள்ளாது, கல்லறை காணாத எல்லாத் தாய் தந்தையருக்கும் உரியதாக ஆக்கினார். தந்தைக்குக் கிட்டாத ஆறுதல், அவர் ஆக்கிய சொற்களால் பிறர்க்குக் கிட்டிற்று.