மாத்தளை இளவரசனின் பங்கு: கண்டி அரசுரிமைப் போட்டி பற்றிய ஒரு மறுபார்வை

அரச குடும்பத்துச் சண்டை என்றாலே மாற்றாந்தாய் மக்களின் பகை என்று விளக்கம் சொல்லிவிடுகிறோம். இவ்விளக்கத்துக்கு அதிகம் காட்டப்படும் முகலாயர் வரலாறே அதைத் தாங்குவதில்லை. 1628இல் ஷாஜகானின் விருப்பப்படி கொல்லப்பட்ட ஷஹ்ரியார் வேறு தாயின் மகன்தான். ஆனால் 1657இல் அரியணைக்காக மோதத் தொடங்கிய தாரா, ஷுஜா, ஔரங்கசீப், முராத் நால்வரும் மும்தாஜின் பிள்ளைகள். ஏறத்தாழ அதே காலத்தில் கண்டி இராச்சியத்தில் நடந்ததும் பிறப்பினால் விளைந்த பகை அன்று. நிலத்தைப் பங்கிட்டு, பங்கிட முடியாத முடியை ஒருவனுக்கே விட்ட ஏற்பாடுதான் அதன் வேர்.

செனரத் மன்னன் காலத்து இளவரசர்களான குமாரசிங்கன், விஜயபாலன், இராஜசிங்கன் மூவருக்கும் தாய் டோனா கத்தரினா எனப்பட்ட குசுமாசனதேவி. தந்தை யார் என்பதில்தான் சிக்கல். சூளவம்சம் முன்னிருவரையும் செனரத்தின் தமையன் மக்கள் என்கிறது. அதாவது 1604இல் இறந்த முதலாம் விமலதர்மசூரியனின் மைந்தர்கள். ஐரோப்பியர் பதிவுகள் பொதுவாக மூவரையுமே செனரத்தின் பிள்ளைகளாகக் கொள்கின்றன. சூளவம்சத்தின் இப்பகுதி நூறாண்டுக்கும் பின்னர் எழுதப்பட்டது. ஆயினும் வென்றவன் தரப்புப் புனைவு என்று அதைத் தள்ள இயலாது. அது உண்மையானால் வலுப்பெறுவது தோற்ற விஜயபாலனின் உரிமையே. என் வாதம் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்வதைச் சார்ந்ததன்று. விமலதர்மசூரியனும் செனரத்தும் தத்தம் அரசுரிமைக்கு உறுதி தேடி மணந்தது கத்தரினாவைத்தான். உரிமை தாய்வழி வந்ததென்றால் மூவரும் சமம். நாடுகளின் பெயர்களை ஓலைகளில் எழுதி, தலதாவின் (புத்தரின் புனிதப் பல்லின்) முன் வைத்து, செனரத் பங்கு பிரித்ததாகச் சூளவம்சம் கூறுவதும் இதற்குப் பொருந்துகிறது. மூப்பும் பிறப்பும் ஒருவனை முன்னிறுத்தியிருந்தால் திருவுளச் சீட்டுக்கு என்ன தேவை? (தலைநகர் அமைந்த மலைநாடு இளையவனுக்கே விழுந்தது சற்று வசதியான தற்செயல்தான்.) குமாரசிங்கனுக்கு ஊவா, விஜயபாலனுக்கு மாத்தளை.

பிறப்பே காரணமென்றால் சண்டை உடனே மூண்டிருக்க வேண்டும். மாறாக, 1638 மார்ச்சில் கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை அழித்தபோது இராஜசிங்கனும் விஜயபாலனும் ஒரே அணியில் நின்றார்கள். அதற்குச் சற்று முன் குமாரசிங்கன் இறந்தான். ஊவாவை இராஜசிங்கன் தானே எடுத்துக்கொண்டான். மூன்று பங்கு இரண்டானதும் சமநிலை குலைந்தது. விஜயபாலனின் மனக்குறையும் இங்கேதான் வேர்கொண்டது. வெளியுதவியிலும் ஏற்றத்தாழ்வு இருந்தது. 1636இலேயே பழவேற்காட்டு ஒல்லாந்தருக்கு ஓலை விடுத்தவன் இராஜசிங்கன். 1638 மே மாதம் மட்டக்களப்பில் அவர்களுடன் உடன்படிக்கை செய்தவனும் அவனே. மாத்தளையோ கடலைத் தொடாத நாடு. இன்று மாவட்டத்தின் கிழக்கு ஓரமாக உள்ள வில்கமுவ வரை நீட்டிப் பார்த்தாலும் மகாவலிக் கரைதான் எட்டும், துறைமுகம் எட்டாது. (இன்றைய எல்லையை அன்றைய எல்லையாகக் கொள்வதற்கில்லை.) ஒல்லாந்தர் பக்கம் அடைபட்ட பின் விஜயபாலனுக்கு எஞ்சியவர்கள் போர்த்துக்கேயரே. இராஜசிங்கனுடனான போரில் தோற்று அவர்களிடம் அடைக்கலம் புகுந்த அவன், கிறிஸ்தவனாகி, 1654இல் கோவாவில் இறந்தான்.

இளமையில் பிரான்சிஸ்கன் துறவிகளிடம் பெற்ற கல்வியே விஜயபாலனைப் போர்த்துக்கேயர் பக்கம் சாய்த்தது என்று மறுப்போர் உண்டு. ஆனால் இராஜசிங்கனும் போர்த்துக்கேய மொழி அறிந்தவன். அவர்களை நாட்டைவிட்டே துரத்த முனைந்தவனும் அவன்தான். இருவருக்கும் பொதுவான ஒன்று இருவரின் வேறுபட்ட போக்குக்குக் காரணமாகாது. துறவிகளின் நட்பு விஜயபாலன் எங்கே ஓடினான் என்பதை விளக்கலாம். ஏன் ஓட நேர்ந்தது என்பதை விளக்காது.

இராஜசிங்கனின் பிற்கால நடத்தையும் இதையே காட்டுகிறது. மாத்தளை மன்னன் அமர்த்திய திசாவைகளின் ஆட்சிக்குள் வந்தது. இன்னோர் இளவரசனின் பங்காகவில்லை. 1664இல் கிளர்ச்சியாளர்கள் தன் சிறுவயது மகனை அரசனாக்க முயன்ற பின், மன்னன் அவனை வெளியார் கண்ணில் படாமல் வைத்திருந்தான். கண்டி நாட்டில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான ராபர்ட் நொக்ஸ் காதில் அவன் கொல்லப்பட்டான் என்ற வதந்திகூட விழுந்தது. அந்த மகனே 1687இல் இரண்டாம் விமலதர்மசூரியனாக, பிரிக்கப்படாத நாட்டுக்கு முடிசூடினான்.