காளைக் கன்றின் வரலாறு

பசுவைப் பற்றிக் கட்டுரை எழுதுக என்றால், நம் மாணவர் பால், தயிர், நெய், சாணம் எனப் பயன்களை வரிசையாக எழுதிவிடுவர். அப்பசு ஈன்ற காளைக் கன்று என்னவாயிற்று என்று எழுதிய மாணவரை என் ஆசிரியப் பணியில் நான் கண்டதில்லை. பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. பெரியவர்களாகிய நாமும் அதனைப் பேசுவதில்லை. ஆயினும், இந்நாட்டில் தமிழர் மாடு வளர்த்த வரலாற்றின் பாதி அக்கன்றிடமே உள்ளது.

கன்று ஈனாத பசு பால் தராது. ஈனும் கன்றுகளில் ஏறத்தாழச் சரிபாதி ஆண். ஆகவே, பாலுக்காக மாடு வளர்ப்போர் எந்நாட்டவராயினும் ஒரு வினாவுக்கு விடை கண்டே தீரவேண்டும்: காளைக் கன்றை என் செய்வது?

தொடக்கத்தில் நம் முன்னோரை இவ்வினா வருத்தவில்லை. 1885இல் தைப்பிங்கிலும் 1886இல் கோலாலம்பூரிலும் இருப்புப்பாதை வந்துவிட்டபோதும், பாதை எட்டாத இடங்களுக்கு மாட்டு வண்டியே சரக்கைச் சுமந்தது. காளைக்கு உழைப்பு இருந்தது; உழைப்பு இருந்ததால் மதிப்பும் இருந்தது. பின்னர் லாரி வந்தது. காளையின் நுகத்தடி கழன்றது. அதனோடு அதன் வாழ்நாளும் சுருங்கியது என்பதே உண்மை.

அக்காலத்தில் தோட்டங்களில் குடியேறிய நம்மவரோடு, இந்தியாவிலிருந்து பல இன மாடுகளும் இம்மண்ணுக்கு வந்தன. அவை தம்முள் கலந்து பெருகிய வழித்தோன்றல்களையே கால்நடைத் துறையினர் ‘உள்நாட்டு இந்தியப் பால் மாடு’ என வழங்கினர். இம்மண்ணுக்கே உரிய கெடா-கிளந்தான் மாடோ உருவிற் சிறியது, எளிய புல்லையுண்டு வாழ்வது, தவறாது ஈனுவது, ஆனால் பால் குறைவு. உயர்ந்த உடற்கட்டுடைய இந்திய மாடு அதனோடு கலந்தபோது, தாயினும் பெரிய கன்று பிறந்தது. பாலுக்கென வந்த இனம், இவ்வாறே கம்பத்து மலாய் அன்பர்களின் இறைச்சித் தேவைக்கும் துணையாயிற்று. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால், தோட்டத்து மாட்டுக் கொட்டகைகளைத் தேடி ஆள் வருவது வழக்கம்.

1970களிலும் 1980களிலும் அரசு பால் உற்பத்தியைப் பெருக்க முனைந்தது. ஐரோப்பாவின் பிரீசியன் மாடு பாலை மிகுதியாகத் தரும். ஆனால் வெப்பத்துக்கும் உண்ணிக்கும் தளரும். பஞ்சாப் நிலத்துச் சாகிவால் வெப்பத்தைத் தாங்கும். இவ்விரண்டின் கலப்பின மாடுகள் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் தருவிக்கப்பட்டன. ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் அவற்றைப் பெருக்கித் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனமே ‘மாஃப்ரிவால்’.

இக்கலப்பிலும் காளைக் கன்றுகள் பிறக்கவே செய்தன. நல்ல தீவனம் கிடைத்தால் அவை உள்நாட்டு மாட்டைவிட விரைந்து வளர்ந்து, மிகுந்த எடையை எய்தும். வெறும் புல்லை மட்டும் நம்பி விட்டாலோ எலும்பும் தோலுமாய் நிற்கும். அங்கே கெடா-கிளந்தானே வெல்லும். இனத்தை மாற்றினால் மட்டும் போதாது, தீனியையும் மாற்ற வேண்டும் என்பது நாடு கற்ற பாடம். செம்பனைப் பருப்புப் பிண்ணாக்கு அத்தீனிக்குக் கைகொடுத்தது.

செம்பனையின் கதையிலேயே ஒரு முரணும் உண்டு. ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்டபோது, இளங்கன்றுகளின் ஓலையை மாடு மேய்ந்துவிடும் என்று பல தோட்டங்களில் மாடு வளர்ப்புக்குத் தடை வந்தது. தலைமுறையாக வளர்த்த மாடுகளை நம்மவர் கிடைத்த விலைக்கு விற்றனர். பிற்காலத்தில், வளர்ந்த செம்பனைக்கடியில் மாடு மேய்ந்தால் களைக்கொல்லிச் செலவு குறையும் என்று ஆய்வாளர் கண்டுரைத்தனர். மாடு திரும்பியது, அதனை வளர்த்த மக்களோ அதற்குள் நகர்ப்புறம் போய்விட்டனர். இன்று நாட்டின் மாட்டிறைச்சித் தேவையில் பெரும்பகுதி இறக்குமதியே. அதிலும் இந்திய எருமை இறைச்சியே மிகுதி.

என் இளமையில் எங்கள் லயத்து வீட்டுக் கொட்டகையிலும் காளைக் கன்றுகள் பிறந்தன. தரகர் வந்த நாளில் என் தாயார் கன்றுக்கு ஒரு கை தவிடு ஊட்டி, நெற்றியில் குங்குமம் இட்டு, திரும்பிப் பாராது உள்ளே போய்விடுவார். விலை பேசுவதும், தும்பை அவிழ்த்துக் கொடுப்பதும் தந்தையின் வேலை. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் தீட்டிய கைகளே அவையும். அப்பணத்தில் சீருடையும் பாடநூலும் வாங்கிப் படித்தவன் நான்.

அவர்களைக் குற்றம் சாட்டவோ, குற்றமில்லை என வாதாடவோ நான் இதனை எழுதவில்லை. பாலின் புகழை மட்டும் சொல்லிக் கன்றின் விலையை மறைப்பது முழு வரலாறு ஆகாது என்பதே என் கருத்து. நம்மைப் படிக்க வைத்தவற்றுள் அக்கன்றும் ஒன்று. அடுத்த முறை பசுவைப் பற்றி எழுதச் சொல்லும்போது, அதன் காளைக் கன்றைப் பற்றியும் ஒரு பத்தி எழுதுமாறு மாணவரைக் கேட்கவிருக்கிறேன்.