ஒரே வயது, இரு மைதானங்கள்

1994இல் பெர்லினில் பிறந்த அகமட் வசீம் ராசீக், யூனியன் பெர்லின் கழகத்தில் உதைபந்தாட்டம் பயின்று, பின்னாளில் இலங்கைத் தேசிய அணியின் நடுக்கள வீரரானார். அவரைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம், அதே ஆண்டில் குருநகரிலோ இளவாலையிலோ பிறந்த சிறுவனையே நான் நினைக்கிறேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு, ஒரு வயதில், தாயின் இடுப்பில் அவன் நாவற்குழிப் பாலத்தைக் கடந்திருப்பான். 1999இல் துரையப்பா விளையாட்டரங்கைத் திருத்தத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. (1975இல் சுட்டுக்கொல்லப்பட்ட மேயரின் பெயர் தாங்கிய அரங்கு அது; மண்ணுக்கும் ஊழ் உண்டு போலும்.) போர்நிறுத்தம் வந்த 2002இல் அவனுக்கு எட்டு வயது. கொழும்புக்குச் சென்று ஆடிப் பழகவேண்டிய பன்னிரண்டாம் வயதில், 2006 ஓகஸ்டில், முகமாலையில் ஏ9 பாதை மூடப்பட்டது. தரைவழி அற்றுப்போனது.

இந்திய உதவியுடன் திருத்தப்பட்ட அரங்கு 2016 ஜூன் 18இல் திறக்கப்பட்டது. அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது நெருங்கியிருந்தது. ஜேர்மனியில் ஒருவன் தொழில்முறை வீரனாவானா என்பது அவ்வயதுக்குள் பெரும்பாலும் முடிவாகிவிடும். இவனுக்கோ அன்றுதான் அரங்கின் கதவு திறந்தது.