நைக்கா படிகக் குகை

மெக்சிகோவின் வடபகுதியில், சிவாவா மாநிலத்தில் உள்ளது நைக்கா சுரங்கம். ஈயம், துத்தநாகம், வெள்ளி ஆகியவற்றுக்காகத் தோண்டப்பட்டது. 2000 ஆம் ஆண்டில், ஏறத்தாழ 300 மீட்டர் ஆழத்தில் புதிய பாதை வெட்டிய தொழிலாளர்கள் பாறைக்குள் ஒரு குகையைக் கண்டனர். தென்னை மரங்களை வெட்டிக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்து வைத்ததுபோல, அதனுள் ஒளி ஊடுருவும் படிகத் தூண்கள் கிடந்தன. மிகப் பெரியதன் நீளம் 11 மீட்டருக்கும் அதிகம்.

இத்தூண்கள் வைரமோ பளிங்கோ அல்ல. ஜிப்சத்தின் தெளிந்த வடிவமான செலினைட் ஆகும். கரும்பலகையில் எழுதும் சாக்குக்கட்டியும் எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டும் இதே ஜிப்சத்திலிருந்து செய்யப்படுபவைதாம். நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு மென்மையானது.

அத்தகைய பொருள் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது எப்படி? மலைக்கு அடியில் இருந்த பாறைக்குழம்பு நிலத்தடி நீரைச் சூடாக்கியது. அந்நீரில் அன்ஹைட்ரைட் என்னும் கனிமம் இருந்தது. நீர்மூலக்கூறு இல்லாத கால்சியம் சல்பேட் அது. வெப்பம் ஏறத்தாழ 58 பாகை செல்சியசுக்குச் சற்றுக் கீழே இறங்கியதும் அன்ஹைட்ரைட் மெல்லக் கரைந்து, ஜிப்சமாகப் படியத் தொடங்கியது. நீர் அந்த வெப்ப எல்லையை ஒட்டியே மிக நீண்ட காலம் நின்றதால் புதிய படிகங்கள் அதிகம் முளைக்கவில்லை. முளைத்த சிலவே பெருத்தன. எசுப்பானிய அறிவியலாளர் கார்சியா ரூயிசின் குழு 2007 இல் இவ்விளக்கத்தை வெளியிட்டது. வளர்ச்சி வேகம் பின்னர் அளக்கப்பட்டபோது, நூறு ஆண்டுக்கு ஒரு தலைமயிர்ப் பருமன் என்ற அளவே தெரியவந்தது.

இதே சுரங்கத்தில், 120 மீட்டர் ஆழத்தில், 1910 இலேயே 'வாள் குகை' கண்டறியப்பட்டிருந்தது. நிலமட்டத்துக்கு அருகில் இருந்ததால் அது விரைவாகக் குளிர்ந்தது. ஆகவே எண்ணற்ற படிகங்கள் ஒருசேர முளைத்தன, எதுவும் பெரிதாகவில்லை. அவற்றுள் பல பெயர்த்தெடுக்கப்பட்டன. அந்த இழப்பு நினைவில் இருந்ததாலோ என்னவோ, புதிய குகைக்குச் சுரங்க நிறுவனம் இரும்புக் கதவு போட்டது.

கதவைவிடச் சிறந்த காவல் வெப்பமே. 58 பாகை வரை சூடு, காற்றில் ஈரப்பதமோ 90 விழுக்காட்டுக்கு மேல். வியர்வை ஆவியாகாது, உள்ளிழுக்கும் காற்றின் ஈரம் நுரையீரலில் நீராகப் படியத் தொடங்கும். பனிக்கட்டி பொதிந்த உடையணிந்தும் ஆய்வாளர்கள் ஒரு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டியிருந்தது.

சுரங்க வேலைக்காக நீரை இடைவிடாது இறைத்ததால்தான் குகை வறண்டு, மனிதர் கண்ணில் பட்டது. ஆனால் நீர் வடிந்த அன்றே படிகங்களின் வளர்ச்சியும் நின்றது. பார்க்கவும் வேண்டும், வளரவும் வேண்டும் என்றால் இரண்டும் கூடாத இடம் அது. நீரின் தாங்குதல் இழந்த தூண்கள் தம் எடையாலேயே வளையக்கூடும் என்ற கவலையும் எழுந்தது.

2017 பிப்ரவரியில் நாசாவைச் சேர்ந்த பெனிலோப் பாசுடன், படிகங்களுக்குள் சிக்கியிருந்த நுண்ணுயிர்களை ஆய்வகத்தில் உயிர்ப்பித்ததாக அறிவித்தார். அவை 10,000 முதல் 50,000 ஆண்டுகள் உறங்கியிருக்கலாம் என்றார். வெளியிலிருந்து கிருமி கலந்திருக்கலாமே என்று சிலர் ஐயுற்றனர். மீண்டும் இறங்கி மாதிரி எடுப்பது அப்போது எளிதாக இல்லை. 2015 இல் வெள்ளம் புகுந்து சுரங்க வேலை நின்றது, நீரிறைப்பும் நின்றது. படிகக் குகை மறுபடி வெந்நீருக்குள் மூழ்கியது.